ஆறு வயதில் முளைத்த பல்

டைல்ஸ் ஒட்டுகிற அந்த மனிதருக்கு உடன் வேலை செய்கிறவர்கள் மட்டம் பார்க்கிற கருவியின் பேரையே வைத்துவிட்டார்கள்: ரசமட்டம். தரையில் நூலிழை ஏற்ற இறக்கம் இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் உட்காரும் முன்னால் தரையைத்தான் பார்ப்பார். சுவரில் படம் கோணலாக மாட்டியிருந்தால், வீட்டுக்காரர் உள்ளே போன நேரம் பார்த்து எழுந்து போய் நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவருக்கு ஒரே மகள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். தூங்கு என்றால் ஏன் என்பாள். காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டுமே என்றால், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்பாள். அவள் கேள்விகளால் வீட்டில் பாதிக்கப்பட்டவர் பெரும்பாலும் அப்பாதான். அம்மா சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வருகிறவள். இரண்டு கேள்விக்கு மேல் போனால் "உங்கப்பாகிட்ட கேளு" என்று கைகழுவிவிடுவாள்.

அப்படிப்பட்ட பிள்ளை இரண்டு மாதமாக அப்பாவிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். கூப்பிட்டால் வருவாள். வண்டியில் பின்னால் உட்காரும்போது அவர் இடுப்பைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொள்வாள். வெளியில் இருந்து பார்த்தால் அடக்கமான பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ரசமட்டத்துக்கு அந்த அடக்கம்தான் தாங்க முடியவில்லை.

எல்லாம் ஒரு பல்லால் வந்த வினை.

ஆறு வயதில், மேல்வரிசையில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால் முளைத்த கடைவாய்ப் பல் அது. ஒரு பல் விழுந்து அந்த இடத்தில் இன்னொன்று வந்தால் வீட்டில் கொண்டாடியிருப்பார்கள். இது எதுவும் விழாமலே சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டதால், இதுவும் பால்பல்தான், என்றைக்காவது விழும் என்று இருந்துவிட்டார்கள். வரும்போதே அது வெள்ளையாக வரவில்லை. கழுவாத டீ டம்ளரின் அடி மாதிரி மஞ்சளும் பழுப்புமாக வந்தது. ஒரு வருஷத்துக்குள் அதன் ஒரு முனை பிஸ்கட் ஓரம் போல உதிர்ந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் பட்டால் துள்ளுவாள். பிரஷ் அந்தப் பக்கமே போகாது. குளிர்காலத்தில் வண்டியில் பள்ளிக்கூடம் போகும்போது காற்று பல்லில் படாமலிருக்க உதட்டை இறுக்கி மூடிக்கொள்வாள். வக்கீல் வாயைத் திறக்காத நேரம் அந்தக் கால் மணி நேரம்தான் என்று அவர் அப்போது சிரித்ததுண்டு.

கீழ்வீட்டில் அவருடைய அக்கா இருந்தாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஆயிரம் பேரிடம் பேசியும் அவளுக்குப் பேச்சு மிச்சமிருக்கும். மிட்டாய்தான் காரணம் என்று அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். மிட்டாய் வாங்கித் தருவதே அவள்தான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாத்தனார்மாருக்கே உரிய கனிவோடு தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, வேலைக்குப் போகிற அவசரத்தில் பிள்ளை பல் தேய்க்கிறதைக் கூடப் பார்க்க முடியாது பாவம் என்றாள். காலர் தைக்கிறவள் அன்று முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

கடைத்தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். வாசலில் எப்போதும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். பகலில் மனைவிக்கு லீவு கிடைக்காது என்பதால் ரசமட்டம்தான் மகளைக் கூட்டிப்போனார். டாக்டர் மரப்பு ஊசி போட்டார், கொஞ்ச நேரம் விட்டார், குடைய ஆரம்பித்தார். பிள்ளை அலறினாள். டாக்டர் நிறுத்தாமலே, "ஊசி போட்டாச்சு சார், வலிக்க வாய்ப்பே இல்ல. பயத்துல கத்துறா. கையைப் பிடிச்சுக்கோங்க, ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார்.

ரசமட்டம் பிடித்துக்கொண்டார். பசை மூட்டைகளைத் தூக்கிப் பழகிய கை. அவளுடைய இரண்டு மணிக்கட்டும் அவருடைய ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. "அப்பா, வலிக்குதுப்பா" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். வாயில் குழாயும் பஞ்சும் இருந்ததால் குளறியது, ஆனால் அவருக்குப் புரிந்தது. மூன்றாவது தடவைக்கு அப்புறம் அவள் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு நிமிஷம் என்றது பத்து நிமிஷம் ஆனது.

அன்று குடைந்து வைத்த அடைப்பு ஐந்தாவது வாரம், ரொட்டி ஓரத்தைக் கடித்தபோது, சுற்றியிருந்த பல்லையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு பெயர்ந்து வந்துவிட்டது. ரசமட்டம் அதை அதே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். இந்த மாதிரிப் பல்லில் எதுவும் நிற்காது, அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிடுங்கிவிடலாம் என்றார் அவர். வக்கீல் அந்த வாரம் பள்ளியிலிருந்து வந்ததும் கீழ்வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அத்தை தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சியும் வரவில்லை. பிடுங்குகிற நாள் தள்ளிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் பல் சோதனை நடந்தது. பார்த்த டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனிப் பல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டாமல் எதையும் பிடுங்க வேண்டாம் என்று கீழே கோடு போட்டிருந்தார்.

அந்தப் பிரிவு இரண்டாவது மாடியில், நீளமான வராந்தாவின் கோடியில் இருந்தது. டாக்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குழந்தை உட்காரும் நாற்காலி உயரத்தில் இருக்க, அவர் அதைவிடத் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். ரசமட்டம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது, ஒரு நிமிஷம் சார், பல் யாருடையதோ அவர் முதலில் சொல்லட்டும் என்றார். வக்கீல் சொல்லவில்லை. உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. சின்னக் கண்ணாடியை அவள் கையிலேயே கொடுத்து, நீயே பார்த்து எந்தப் பல் என்று காட்டு, நான் கிட்டே வரமாட்டேன் என்றார். வெகுநேரம் கழித்து வாய் திறந்தது.

டாக்டர் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்புறம் ரசமட்டத்தைக் கிட்டே கூப்பிட்டு விளக்கினார். இது சொத்தையில் தொடங்கிய பல் இல்லை. பல்லின் மேலோடான எனாமல், குழந்தை பிறக்கும் சமயத்திலும் அதற்கடுத்த இரண்டு மூன்று வருஷத்திலும் ஈறுக்குள்ளேயே உருவாகிவிடும். அந்தக் காலத்தில் ஏதோ தடங்கல் ஏற்பட்டு, ஓடு கெட்டிப்படாமல் போயிருக்கிறது. காய்ச்சலாக இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். இன்னதென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மிட்டாய் இல்லை. யாருடைய கவனக்குறைவும் இல்லை. பத்துப் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்காவது இப்படி இருக்கிறது. ஆறு வயதில் வருகிற நாலு கடைவாய்ப் பல்லும் விழாத, நிரந்தரப் பல். அதில் இவளுக்கு மேலே ஒன்று மோசம், கீழே ஒன்றில் சின்னத் திட்டு, மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. மோசமான பல்லுக்கும் வேர் நன்றாகவே இருக்கிறது, அதனால் இப்போதைக்குப் பிடுங்கத் தேவையில்லை.

"அப்ப அடைச்சது ஏன் டாக்டர் விழுந்துச்சு?"

"எதோட ஓரத்துல ஒட்டினாங்களோ அந்த ஓரமே மெத்துன்னு இருந்திருக்கு."

ரசமட்டம் தலையாட்டினார். அதைப் புரிந்துகொள்ள அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. "அடியில பொடியா இருந்தா மேல எந்தப் பசை போட்டாலும் பிடிக்காதுங்க. கெட்டியான எடம் வர்ற வரைக்கும் கொத்தி எடுத்துட்டுத்தான் ஒட்டணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். தெரிந்ததும், காலேஜ் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகிறது என்றார். கீழ்ப்பல்லுக்கு ரசமட்டம் சொன்னதேதான் வைத்தியம்: நல்ல எனாமல் வரும்வரை எடுத்துவிட்டு அடைத்துவிடலாம். மேல்பல்லில் நல்ல ஓரம் மிச்சமில்லை. அதற்கு முழுசாக ஒரு உலோகக் கேப் போட்டு மூடிவிட வேண்டும். வளர்ந்த பிறகு வேறு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இப்போது அந்தப் பல்லின் நரம்பு மிரண்டு போயிருக்கிறது, இந்த நிலையில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது, அன்றைக்கும் செய்திருக்காது என்றார்.

ரசமட்டம் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் டாக்டர் பேசியதைக் கேட்கவில்லை. அன்றைக்கும் செய்திருக்காது என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

டாக்டர் இப்போது வக்கீலிடம் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் குடையப் போவதில்லை, வெள்ளைப் பசை மாதிரி ஒன்றை விரலால் தடவி அழுத்தி மூடப்போகிறேன், ஆறு வாரம் பல் அமைதியாகட்டும். "நடுவுல எப்ப வேணாலும் நிறுத்தணும்னு தோணுச்சுன்னா கையைத் தூக்கு. நான் நிறுத்திடுவேன்."

வக்கீல் யோசித்தாள். "கையைப் பிடிச்சுக்கிட்டா எப்படித் தூக்கறது?"

கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் அடுக்குவதை நிறுத்தினாள். ரசமட்டம் தரையைப் பார்த்தார். டாக்டர் மட்டும் அவர் பக்கம் திரும்பாமல், பிள்ளையையே பார்த்து, "இங்க உன் கையை யாரும் பிடிக்க மாட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதையெல்லாம் மனைவி நின்றபடியே கேட்டாள். ஒன்பது மாதத்தில் பிள்ளைக்கு வந்த காய்ச்சல்தான் அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். "முதல் ரெண்டு நாள் சாதாரண ஜுரம்னு நான்தானே வீட்லயே வெச்சிருந்தேன்" என்றாள். இல்லை, அப்படி யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார் என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. யார் தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னதை மூன்றாவது முறை கேட்டபிறகுதான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக, கீழே போய் உங்கள் அக்காவிடம் இதை வரிவிடாமல் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். அவர் போய்ச் சொன்னார். அக்கா அசரவில்லை. இரண்டே நாளில், எங்கள் பிள்ளைக்குப் பிறவியிலேயே பல்லின் ஓடு மெல்லிசு, மிட்டாய் என்று சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று டிக்கெட் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைப் பசை நின்றது. பத்து நாளில் வக்கீல் அந்தப் பக்கமும் மெதுவாகப் பிரஷ் விட்டாள். ரொட்டியைப் பாலில் ஊறவைக்காமல் தின்றாள். பல் அமைதியாகிவிட்டது. அப்பாவிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை.

அப்போது ரசமட்டத்துக்கு ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் வேலை. யாரோ இரண்டு வருஷம் முன்பு ஒட்டிய தரை, நடந்தால் கடகடவென்றது. கட்டையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் வருவதையெல்லாம் சாக்பீஸால் குறி போட்டுப் பெயர்த்தார்கள். அடியில் கூட்டாமல் விட்ட தூசி அப்படியே இருந்தது. பசை தரையைத் தொடவே இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீ குடித்தபோது, பதினைந்து வருஷமாகக் கூட வேலை செய்கிற ஒல்லியிடம் ரசமட்டம் முதல் தடவையாக விஷயத்தைச் சொன்னார். பிள்ளை வலிக்கிறது என்றது, நான் நம்பாமல் கையைப் பிடித்தேன், நிஜமாகவே வலித்திருக்கிறது.

ஒல்லி டீயைக் குடித்து முடித்தான். அப்புறம், "இதை அவகிட்ட சொன்னியா?" என்றான்.

"எட்டு வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்ல?"

"என்கிட்ட சொன்னியே, அதை."

சொல்ல அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆறாவது வாரத்துக்குக் குறித்த நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில், தங்கள் நம்பரைக் கூப்பிடுவதற்காக உட்கார்ந்திருந்தபோது சொன்னார். அவளைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு உனக்கு நிஜமாவே வலிச்சிருக்கு. நான் நம்பல. அது என் தப்பு."

வக்கீல் ஷூ நுனியால் தரையைத் தேய்த்தாள். "டாக்டர் சொன்னதாலயா நம்பல?"

"ஆமா."

"நான் மூணு தடவை சொன்னேன்."

"ஆமா. மூணு தடவை."

அவ்வளவுதான். அவள் மன்னித்த மாதிரியும் தெரியவில்லை. நம்பரைக் கூப்பிட்டு, எழுந்து நடந்து, பாதி வராந்தா போன பிறகுதான் அவருக்கு உறைத்தது, அவள் தன்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள் என்று.

உள்ளே அவருக்கு நாற்காலியின் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். சும்மா உட்கார்ந்திருங்கள், அதுதான் உங்கள் வேலை என்றார் டாக்டர்.

ஜெல் தடவி, ஈறு மரத்ததும் ஊசி போட்டு, இந்தத் தடவை நிறைய நேரம் காத்திருந்தார்கள். டாக்டர் அந்த நேரத்தில் கேப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கொண்டைக்கடலை அளவில், வெள்ளியாய் மின்னியது. ஏன் தங்கத்தில் இல்லை, தூங்கும்போது முழுங்கிவிட்டால் என்ன ஆகும், காந்தம் இழுக்குமா என்று வக்கீல் விசாரித்தாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். காந்தத்துக்கு மட்டும் நர்ஸ் தகவல் பலகையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துவந்து காட்ட வேண்டியதாயிற்று.

வேலை ஆரம்பித்தது. கருவி பல்லைத் தொடும் முன்பே கை தூக்கினாள். டாக்டர் நிறுத்தினார். என்ன என்றார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். மறுபடி தொடங்கினார். மறுபடி கை. மறுபடி நிறுத்தினார். மூன்றாவது தடவை, கருவியின் சத்தம் வந்ததும் கை. அதற்கும் நின்றது. நிற்கிறதா என்று அவள் சோதித்துப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் ரசமட்டத்துக்குப் புரிந்தது. வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்களே, டாக்டருக்குக் கோபம் வந்துவிடுமே என்று அவருக்கு வியர்த்தது. டாக்டரோ தனக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி ஒவ்வொரு தடவையும் கையை முழுசாக எடுத்துவிட்டு முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நாலாவது தடவை கை தூக்காமல் கொஞ்ச தூரம் போனது. கருவி சன்னமாகக் கீச்சிட்டது. திடீரென்று அவள் உடம்பு விறைத்தது. முகம் மாறியது. கை வேகமாக மேலே போனது. இது சோதனை இல்லை.

ரசமட்டம் தன்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டார். கொஞ்சம் பொறுத்துக்கோடா, முடிஞ்சிடும் என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது. கைகள் இரண்டும் தாமாகவே அவள் பக்கம் நீண்டன. அவள் அதைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, கருவியைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைத்தான் பார்த்தாள்.

அவர் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். "வலிச்சுதா?"

தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர்.

"அப்ப வலிக்குதுதான். இன்னும் சரியா மரக்கல." டாக்டர் அவளிடமே கேட்டார்: பல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ஊசி போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் பழையபடி பசையால் மூடிவிட்டு இன்னொரு நாள் பார்க்கலாம், எதுவானாலும் சரி. வக்கீல் நெடுநேரம் கூரையைப் பார்த்தாள். ரசமட்டத்தின் அன்றைய வேலை போச்சு, இன்னொரு நாள் வேலையும் போகும்போலிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள், ஊசி குத்தும்போது எத்தனை எண்ண வேண்டும் என்று கேட்டாள். இருபது என்றார் டாக்டர். இன்னைக்கே போடுங்க என்றாள்.

இருபத்து மூன்று ஆனது. அதை அவள் சுட்டிக்காட்டினாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டார்.

அதற்கப்புறம் கை இரண்டே தடவை உயர்ந்தது. ஒன்று, எச்சில் துப்ப. இன்னொன்று, மூக்கு அரித்ததற்கு. டாக்டர் பல்லைச் சுற்றித் தேய்த்து இடம் பண்ணி, ஒரு கேப்பைப் போட்டுப் பார்த்து, பெரிசாக இருக்கிறதென்று அதற்கடுத்த சின்ன அளவை எடுத்து, உள்ளே பசையிட்டு அழுத்தினார். பஞ்சுச் சுருளைக் கடிக்கச் சொன்னார். விளிம்பில் பிதுங்கிய பசையைச் சுற்றிலும் வழித்து எடுத்த நேர்த்தியைப் பார்த்து ரசமட்டத்துக்குத் தொழில்காரர் என்ற முறையில் மரியாதை வந்தது. கைகள் மரத்துப்போயிருந்தன. எழுந்ததும் உதறிக்கொண்டார்.

திரும்பி வரும்போதும் அவள் வண்டியில் பின்கம்பியைத்தான் பிடித்திருந்தாள். இரண்டு நாள் கடிக்கும்போது உயரமாக இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் மறந்துவிட்டாள். அத்தை தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம், வாயைத் திறந்து காட்டுடி என்றாள். இவளும் திறந்து காட்டினாள். பள்ளியில் ஒரு பிள்ளை எனக்கும் வெள்ளிப் பல் வேண்டும் என்று வீட்டில் அழுததாகக் கேள்வி. ஒரு நாள் காலை காலர் தைக்கிறவள் அடுப்படியிலிருந்து, "என்ன சத்தம் அது?" என்றாள். கேப் போட்ட பக்கம் வைத்துக் காரட்டைக் கடிக்கிற சத்தம். மூவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே சாப்பிட்டு முடித்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

கீழ்ப்பல்லை அடைக்க நாள் குறித்து வந்தது. வியாழக்கிழமை. முதல் தடவையாக மனைவிக்கு லீவு கிடைத்திருந்தது. எத்தனை நாள்தான் நீங்களே அலைவீர்கள், நீங்கள் வேலைக்குப் போங்கள், இந்தத் தடவை நான் கூட்டிப்போகிறேன் என்றாள். ரசமட்டம் சரி என்றார். சொல்லும்போது குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த வக்கீல் தலையைத் தூக்காமலே, "அம்மா வேணாம். அப்பா வரட்டும்" என்றாள்.

"ஏன்டி, நான் வந்தா ஆகாதா?"

"நீ நடுநடுவுல ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பே. அப்பாவுக்குத்தான் சும்மா உக்காரத் தெரியும்."

காலர் தைக்கிறவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சரிதான் போ, லீவு போட்டுத் தூங்குகிறேன் என்றாள். ரசமட்டம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை வர முடியாது என்றார். வேறெங்கேயோ வேலை பிடித்துவிட்டார் என்று மேஸ்திரிக்குச் சந்தேகம். என்ன வேலை, எங்கே என்று குடைந்தார்.

"ஆஸ்பத்திரியில. சும்மா உக்காரணும்" என்றார் ரசமட்டம். "நான்தான் வேணுமாம்."